குதிரைச் சக்தி மட்டும் வண்டியை இழுக்காது

வண்டி எதுவானாலும் அதன் குதிரைச் சக்தியைக் கேட்டு மதிப்புப் போடுவது நம்மவர்களிடையே வழக்கமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளோ லோரியோ இரயில் எஞ்சினோ, எண் பெரிதாக இருந்தால் வண்டியும் பெரிது என்பது கணக்கு. 1500 குதிரைச் சக்தி எஞ்சின் ஒரு பங்கு இழுக்குமென்றால், 3000 குதிரைச் சக்தி எஞ்சின் இரண்டு பங்கு இழுக்கும் என்று சிறுவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பாதி சரி. மற்றப் பாதி எங்கே தவறுகிறது என்பதைச் சொல்வதுதான் இன்றைய பேச்சு.

அதற்கு இரயில் நிலையத்துக்குப் போகுமுன் ஒரு தோட்டத்துக்குப் போகலாம். பீடோங்கிலோ பாடாங் செராயிலோ ஒரு செம்பனைத் தோட்டம். இரண்டு நாள் மழை. மண் சாலை சேறாகிக் கிடக்கிறது. ஐம்பது, அறுபது குதிரைச் சக்தி உள்ள டிராக்டர், குலைகள் நிறைந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு நடை வேகத்தில் போகிறது. அதே சாலையில் நூறு குதிரைச் சக்திக்கு மேல் உள்ள ஒரு கார் சக்கரம் சுழன்று, சேற்றை வாரி இறைத்து, நின்ற இடத்திலேயே நிற்கிறது. குதிரைகள் காரில்தான் அதிகம். ஆனால் காரியம் டிராக்டரில்தான் நடக்கிறது.

காரில் இல்லாத எது டிராக்டரில் இருக்கிறது? தாழ்ந்த கியர் இருக்கிறது. பின் சக்கரங்களின் மேல் எடை இருக்கிறது. மண்ணைக் கவ்விப் பிடிக்கும் சக்கரம் இருக்கிறது. வேகம் அதனிடம் இல்லை; அதை யாரும் அதனிடம் கேட்பதும் இல்லை.

270 என்ற எண்

குதிரைச் சக்தி என்பது இழுவை அல்ல. இழுவையும் வேகமும் பெருகி வருவதே சக்தி. 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைச் சக்தி. இதிலிருந்து இரயில்வே பொறியாளர்களுக்கு உதவும் ஓர் எளிய கணக்கு கிடைக்கிறது. தண்டவாளத்துக்கு வந்து சேரும் குதிரைச் சக்தியை 270ஆல் பெருக்கி, வண்டியின் வேகத்தால் வகுத்தால், அந்த வேகத்தில் எஞ்சின் எத்தனை கிலோ இழுக்கும் என்பது தெரிந்துவிடும். வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் இருக்க வேண்டும்.

கெடா வழியாக ஓடிய எஞ்சின்களையே வைத்துப் பார்க்கலாம். மலாயா இரயில்வேயின் முதல் பெரிய டீசல் எஞ்சின்கள் 1957இல் இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்து வந்தன. அவற்றின் சக்தி 1500 குதிரை. நீராவி எஞ்சின்களுக்கு விடை கொடுத்தவை இவைதான். பிறகு ஜப்பானிலிருந்து 1980களில் 2000 குதிரைக்கு மேற்பட்டவை வந்தன. 2003லிருந்து 'புளூ டைகர்' என்ற பெயர் பெற்ற எஞ்சின்கள் வந்தன. அவை 3300 குதிரைச் சக்தி கொண்டவை.

3300இல் விசிறிக்கும் மின்னாக்கிக்கும் கம்பிச் சூட்டுக்கும் போக, தண்டவாளத்துக்கு 2700 வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது 36 டன் இழுக்கும். 40 கிலோமீட்டரில் 18 டன். 80 கிலோமீட்டரில் 9 டன். வேகம் இரட்டிக்கும்போதெல்லாம் இழுவை பாதியாகிறது. ஒரே எஞ்சின், ஒரே எண்ணெய், ஒரே இரைச்சல். கையில் இருப்பது ஒரே காசு. அதை வேகமாகச் செலவழிப்பதா, இழுவையாகச் செலவழிப்பதா என்பதே கேள்வி.

இனி, இழுபடும் வண்டியைப் பார்ப்போம். பெர்லிஸின் புக்கிட் கெட்ரியிலிருந்து சிமெண்டு ஏற்றிக்கொண்டு, ஆராவ், கோடியாங், அலோர்ஸ்டார், குரூண், சுங்கைப்பட்டாணி எனத் தெற்கே வரும் சரக்கு இரயிலை இந்தப் பக்கத்து மக்கள் நன்கு அறிவார்கள். அதுபோன்ற ஒரு வண்டி எஞ்சினோடு சேர்த்து 1500 டன் எடை என்று கொள்வோம். சமதரையில் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு டன்னையும் நகர்த்த ஏறத்தாழ மூன்று கிலோ இழுவை போதும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதன் அருமை அது. ஆயிரம் கிலோ சரக்கை மூன்று கிலோ இழுவையில் நகர்த்துவது லோரிக்கு நடக்காத காரியம். ஆக மொத்தம் நாலரை டன் இழுவை. வேகம் கூடினால் காற்றும் குலுக்கலும் சேர்ந்து இது இன்னும் கூடும்; என்றாலும் 80 கிலோமீட்டரில் கிடைக்கும் 9 டன் அதற்குப் போதும்.

கெடாவின் நெல்வயல்களுக்கு நடுவே இந்த இரயில் பாதை பெரும்பாலும் சமதரை. 1915இல் அலோர்ஸ்டாருக்கும் 1918இல் தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாருக்கும் பாதை போட்டவர்களுக்கு மலை குடைகிற வேலை இங்கே அதிகம் இருக்கவில்லை. ஆனால் சரக்கு வண்டி கெடாவோடு நின்றுவிடுவதில்லை. பினாங்கு மாநில எல்லையைக் கடந்து, பேராக்கில் தைப்பிங்கைத் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் மலை குறுக்கே நிற்கிறது. பழைய ஒற்றைப் பாதை வளைந்து வளைந்து, குகைகளில் நுழைந்துதான் அந்த மலையைக் கடந்தது.

நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஓர் ஏற்றத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கண்ணால் பார்த்தால் ஏற்றம் என்றே தோன்றாது. சைக்கிளில் போகிறவர் கூட இறங்கமாட்டார். ஆனால் இரயிலுக்கு அது மலைதான். ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாகப் பத்துக் கிலோ இழுவை வேண்டும். நாலரை டன்னில் ஓடிய அதே வண்டிக்கு இப்போது ஏறத்தாழ 20 டன் இழுவை தேவை. நான்கு மடங்குக்கும் மேல்!

270 கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3300 குதிரை எஞ்சின் இந்த ஏற்றத்தில் 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். 1957ஆம் ஆண்டின் 1500 குதிரை எஞ்சினுக்குத் தண்டவாளத்தில் 1200 கிடைப்பதாகக் கொண்டால் அது 16 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். பழைய எஞ்சினாலும் அந்த வண்டியை இழுக்க முடியும் என்பதைக் கவனியுங்கள். 'பாதிச் சக்தி, ஆகவே பாதி வண்டிதான் இழுக்கும்' என்பது தவறு. முழு வண்டியையும் இழுக்கும். ஆனால் பத்துக் கிலோமீட்டர் ஏற்றத்தைக் கடக்க 17 நிமிடத்துக்குப் பதில் 37 நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஒற்றைப் பாதையில் அந்த இருபது நிமிடமும், எதிரே காத்து நிற்கும் பயணிகள் வண்டியின் கணக்கில் ஏறும். அலோர்ஸ்டாருக்குத் தாமதமாக வந்து சேர்ந்த வண்டியைத் திட்டியவர்களுக்கு, தாமதம் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் தொடங்கியிருக்கலாம் என்பது எப்படித் தெரியும்?

எடையும் மணலும்

இது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள கதை. நிற்கும் வண்டியைக் கிளப்புவது வேறு கதை. 270 கணக்கின்படி வேகம் பூச்சியத்தை நெருங்க நெருங்க இழுவை எல்லையில்லாமல் கூட வேண்டும். கூடுவதில்லை. சக்கரம் வழுக்கிவிடும்.

காய்ந்த தண்டவாளத்தில் எஞ்சின் தன் எடையில் நாலில் ஒரு பங்கு, நன்றாக வடிவமைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை இழுக்கலாம். 120 டன் எஞ்சினென்றால் 30லிருந்து 40 டன். மழைத் தூறலில் தண்டவாளம் நனைந்தாலோ, இலை விழுந்து நசுங்கியிருந்தாலோ இதுவும் குறையும். அப்போது ஓட்டுநர் மணலைத் தூவுவார். பல நூறாயிரம் வெள்ளி மதிப்புள்ள எஞ்சின் கடைசியில் ஒரு கைப்பிடி மணலை நம்பித்தான் ஏற்றத்தில் கிளம்புகிறது!

மேலே கண்ட 2700 குதிரை, 20 கிலோமீட்டர் வேகத்தில் 36 டன் தந்தது. 120 டன் எஞ்சினுக்கு அதுவே பிடிமான எல்லை என்றால், 20 கிலோமீட்டருக்குக் கீழே கூடுதல் குதிரைச் சக்தியால் ஒரு பயனும் இல்லை. அதே எடையுள்ள இன்னொரு எஞ்சினில் 4000 குதிரையைக் கட்டினாலும், நிலையத்திலிருந்து கிளம்பும்போது இரண்டும் ஒன்றே. 4000 குதிரையின் அருமை 20ஐத் தாண்டிய பிறகுதான் தெரியும். செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் சுழன்ற கார் சொன்னதும் இதைத்தான்.

மாற்ற முடியாத கியர்

லோரி ஓட்டுநர் ஏற்றம் வந்தால் கியரைக் குறைக்கிறார், சமதரை வந்தால் கூட்டுகிறார். பெரிய டீசல் இரயில் எஞ்சினில் அப்படி ஒரு கியர்த் தண்டே கிடையாது. டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. மின்சாரம் கம்பி வழியாக ஒவ்வோர் அச்சிலும் உள்ள மோட்டாருக்குப் போகிறது. மோட்டாரின் நுனியில் ஒரு சிறு பல்சக்கரம். இரயில் சக்கரத்தின் அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம். இரண்டும் எப்போதும் கோத்தே இருக்கும். ஓட்டத்தில் மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் பணிமனையில் அச்சைக் கழற்ற வேண்டும். ஆகவே அந்த எஞ்சின் ஓட்டக்காரனா, சுமைக்காரனா என்பது அது பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் கிடைக்கிறது. திருச்சி பொன்மலையில் உள்ள டீசல் பணிமனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்னக இரயில்வேயில் நீண்ட காலம் ஓடிய எஞ்சின்களில் டபிள்யூ.டி.எம்.-3ஏ என்றும் டபிள்யூ.டி.ஜி.-3ஏ என்றும் இரு வகை உண்டு. முதல் எழுத்து அகலப் பாதையையும், அடுத்தது டீசலையும் குறிக்கும். மூன்றாம் எழுத்து எம் என்றால் பயணிகள், சரக்கு இரண்டுக்கும் பொது. ஜி என்றால் சரக்கு. இரண்டும் 1990களில் வந்தவை. இரண்டிலும் ஒரே வகை எஞ்சின், ஒரே 3100 குதிரைச் சக்தி.

வேறுபாடு பற்களில் இருக்கிறது. இரண்டிலும் மோட்டாரின் பல்சக்கரத்துக்கு 18 பற்கள். அச்சின் பல்சக்கரத்துக்கு பொது வண்டியில் 65 பற்கள், சரக்கு வண்டியில் 74 பற்கள். அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, பொது வண்டியில் மோட்டார் 3.6 முறை சுற்றுகிறது. சரக்கு வண்டியில் 4.1 முறை. மோட்டார் அதே முறுக்குவிசையைக் கொடுத்தாலும் சரக்கு எஞ்சினின் சக்கரத்தில் நூற்றுக்குப் பதினான்கு கூடுதல் இழுவை கிடைக்கிறது.

இலவசமாக அல்ல. அந்த எஞ்சின்களின் சக்கரக் குறுக்களவு 1092 மில்லிமீட்டர். 120 கிலோமீட்டர் வேகத்தில் பொது எஞ்சினின் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2100 சுற்றுச் சுற்றுகிறது. அதே வேகத்தில் சரக்கு எஞ்சினின் மோட்டார் 2400 சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே அதன் வேகத்தை 100 கிலோமீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். அங்கே அதன் மோட்டார் 2000 சுற்றில் ஓடுகிறது.

கிளம்பும்போது பொது எஞ்சின் சுமார் 30 டன் இழுக்கும். சரக்கு எஞ்சின் சுமார் 38 டன். இந்த எட்டு டன்னும் பல்லிலிருந்து வந்ததென்று சொல்லிவிடக் கூடாது. சரக்கு எஞ்சின் 123 டன் எடை. மற்றது சுமார் 113 டன். சக்கரச் சட்டமும் நன்றாகக் கவ்விப் பிடிக்கும்படி மாற்றியமைக்கப்பட்டது. டிராக்டரில் பார்த்த மூன்றும் இங்கே சேர்ந்தே வேலை செய்கின்றன.

நம் நாட்டுக்கும் இந்திய எஞ்சின்களுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இங்குள்ள பாதை மீட்டர் பாதை. இந்தியா தன் மீட்டர் பாதைகளை அகலப்படுத்திக்கொண்டிருந்த 1990களில், அங்கே வேலை குறைந்த ஒய்.டி.எம்.-4 வகை எஞ்சின்கள் இர்கோன் நிறுவனத்தின் வழியாக மலேசியாவுக்கு வாடகைக்கு வந்து சரக்கு இழுத்தன. 72 டன் எடை, 1350 குதிரை அளவே சக்தி. எண்ணைப் பார்த்து எள்ளி நகையாடியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் கிளம்பும்போது அவை ஏறத்தாழ 19 டன் இழுவை தரக்கூடியவை. சரக்கு வண்டிக்கு அது கை கொடுக்கும்.

வெந்துபோகும் மோட்டார்

தாழ்ந்த கியருக்கு இன்னொரு பயன் உண்டு. மின்மோட்டார் மெதுவாகச் சுழலும்போதுதான் மின்சாரத்தை அதிகம் இழுக்கிறது. மின்சாரம் கூடினால் சூடு கூடும். பழைய நேர்மின்னோட்ட மோட்டார் உள்ள எஞ்சின்களுக்கு 'இந்த வேகத்துக்குக் கீழே முழு இழுவையில் நெடுநேரம் ஓடாதே' என்று ஒரு வரம்பு உண்டு. அதை மீறி, அதிகச் சுமையோடு ஏற்றத்தில் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தால், வண்டி உச்சியை எட்டிவிடலாம். ஆனால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிவிடும். தாழ்ந்த கியர் பூட்டிய எஞ்சினில், வண்டி மெதுவாகப் போனாலும் மோட்டார் சற்று வேகமாகச் சுழலும். அதே இழுவைக்குக் குறைந்த மின்சாரம் போதும், சூடும் குறையும்.

எதிர்ப்பக்க ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. 'இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டால் கியர் என்ன செய்யும்?' என்று கேட்கத் தோன்றும். பற்கள் எப்போதும் கோத்தே இருப்பதால், சக்தி கொடுக்காவிட்டாலும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். தாழ்ந்த கியர் பூட்டிய எஞ்சின் இறக்கத்தில் வரம்பு மீறி ஓடினால், மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுருள்கள் கட்டறுத்து வெளியே சிதறும். ஆக, ஓர் எஞ்சினின் உச்ச வேகம் பெரும்பாலும் அதன் குதிரைச் சக்தியைச் சார்ந்ததே அல்ல. பற்களின் எண்ணிக்கையைச் சார்ந்தது. இது பலரும் எதிர்பாராத செய்தி.

நீராவி எஞ்சினில் பல்சக்கரம் இல்லையே என்று மூத்தவர்கள் கேட்கலாம். அங்கே சக்கரமே கியர். விரைவு வண்டிக்குப் பெரிய சக்கரம், சரக்கு வண்டிக்குச் சிறிய சக்கரம், அவ்வளவுதான்.

ஒரே எஞ்சினுக்கு இரண்டு வேலை

மலேசியா போன்ற சிறிய இரயில்வேக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. எஞ்சின்கள் சில பத்துகளே. இரவில் விரைவு வண்டி இழுத்த எஞ்சின் மறுநாள் சிமெண்டு இழுக்க வேண்டும். ஓட்டத்துக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று என்று வாங்கி நிறுத்திவைக்க வசதி இல்லை. கியரை நடுவாந்தரமாக வைத்தால் இரண்டு வேலையும் அரைகுறை. மலையில் வண்டி திணறி நின்றால் இழப்பு எஞ்சினுக்கு மட்டுமல்ல. 1999இல் தாய்லாந்தின் பாங்காக் பக்கத்திலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை கொள்கலன் இரயில் தொடங்கிய பிறகு, வடக்குப் பாதை அடைபட்டால் கப்பலையே தவறவிட நேரும். 'எத்தனை குதிரை' என்று மட்டும் பார்த்து எஞ்சின் வாங்கினால் வரும் வினை இது.

இந்தச் சங்கடத்தைப் பெரிதும் தீர்த்தது குதிரைச் சக்தி அல்ல, மோட்டார்தான். புளூ டைகரில் உள்ளவை மாறுமின்னோட்ட மோட்டார்கள். அவற்றில் உரசித் தேயும் கரித்துண்டு கிடையாது. அதிகச் சுற்றைத் தாங்கும். மெதுவாக ஓடும்போது வரும் சூட்டையும் தாங்கும். சக்கரம் வழுக்கத் தொடங்குவதை மின்னணுக் கருவி நொடிக்குள் கண்டுபிடித்து, தேவையான அளவே சக்தியைக் குறைக்கும். அதனால் ஒரே கியரில் 120 கிலோமீட்டர் ஓட்டமும் பெரும் இழுவையும் ஓரளவு சேர்ந்து கிடைத்தன.

அப்படியும் கியரும் எடையும் ஒதுங்கிவிடவில்லை. வாரணாசித் தொழிற்சாலை 2000க்குப் பிறகு மாறுமின்னோட்ட மோட்டாரோடு கட்டிய இரு எஞ்சின்களைப் பாருங்கள். இரண்டும் 4000 குதிரை. சரக்குக்கான டபிள்யூ.டி.ஜி.-4இல் பற்கள் 90க்கு 17. கிளம்பும்போது 50 டன்னுக்கும் மேல் இழுக்கும். வேகம் 100 கிலோமீட்டர் அளவு. பயணிகளுக்கான முதல் டபிள்யூ.டி.பி.-4இல் 77க்கு 17. அதன் ஆறு அச்சுகளில் நான்குக்குத்தான் மோட்டார் உண்டு, எடையும் குறைவு. அது 160 கிலோமீட்டர் ஓட வல்லது. ஆனால் கிளம்பும்போது இழுவை 27 டன் அளவே. குதிரைகள் ஒன்று, இழுவை பாதி.

கெடாவில் காலம் மாறிவிட்டது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை இரட்டைப் பாதையும் மின்கம்பியும் 2014இல் வந்தன. புக்கிட் பெராப்பிட் மலையை 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான இரட்டைக் குகை துளைத்துவிட்டது. 2015இலிருந்து மின்தொடர் வண்டிகள் அலோர்ஸ்டாரையும் சுங்கைப்பட்டாணியையும் கடந்து 140 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அவற்றில் எஞ்சின் என்று தனியாக ஒன்றில்லை. பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்கள் பரவிக் கிடக்கின்றன. ஆனால் மின்கம்பிக்குக் கீழேயும் சரக்கு வண்டிகளைத் தொடர்ந்து இழுத்தவை டீசல் எஞ்சின்களே.

சில சமயம் சரக்கு வண்டியின் முன்னால் இரண்டு எஞ்சின்கள் பூட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் இரண்டு என்பதற்கு இப்போது விடை தெரியும். குதிரைச் சக்தி மட்டுமல்ல, தண்டவாளத்தை அழுத்தும் எடையும் இரண்டு பங்காகிறது. எனவே கிளம்பும் இழுவையும் இரண்டு பங்காகிறது. வேகம் மட்டும் இரட்டிக்காது. இரண்டில் எது தாழ்ந்த கியர் பூட்டியதோ, அதன் வேகம்தான் வண்டியின் வேகம். பழுதாகி அணைந்துபோன ஒரு சரக்கு எஞ்சினை வண்டியின் வாலில் கட்டி இழுத்து வந்தாலும், முழு வண்டியும் அந்தச் செத்த எஞ்சினின் பற்களுக்குக் கட்டுப்பட்டே ஓட வேண்டும்.